நாற்பத்து மூன்றாம் கடிதம்

காப்பாளர்: அக்கா, முன்னூத்திப் பன்னெண்டு பேர்! எண்ணிட்டு வர்றேன். நாற்காலி பத்தல, படியில உட்கார வெச்சிருக்கேன்.

பேராசிரியர்: நம்ம சங்கத்தோட முதல் மாநாட்டுக்கு எட்டுப் பேர். அதுல ஒருத்தர் மழைக்கு ஒதுங்கினவர்.

காப்பாளர்: அவரையும் விடாம உறுப்பினர் ஆக்கிட்டீங்களே!

பேராசிரியர்: பின்ன? குழந்தைங்களுக்கு என்னம்மா வரலாறுன்னு எல்லாரும் சிரிச்ச காலம்... என் பேச்சுத் தாள் எங்க?

காப்பாளர்: இந்தாங்க. அக்கா... கடைசி வரிசையில ஒரு பெரியம்மா உட்கார்ந்திருக்காங்க. ஆய்வாளர் இல்ல. பேத்தி நம்ம அழைப்பிதழைக் காட்டினாளாம். அட்டையில நாற்பத்து மூணாம் கடிதத்தைப் பார்த்துட்டு பஸ் ஏறிட்டாங்க.

பேராசிரியர்: நம்ம சங்கமும் உங்க ஆவணக் காப்பகமும் அந்த விடுதிப் பிள்ளை கடிதத்துல முளைச்சதுதானே.

காப்பாளர்: அது தன் தம்பி எழுதினதுன்னு சொல்றாங்க.

பேராசிரியர்: ...எல்லாருக்கும் அப்படித்தான் தோணும். 'அக்கா, நான் மதில் ஓரமாவே உட்கார்ந்திருக்கேன், நீ வந்தா தெரியும்.' எந்த அக்காவுக்கு மனசு தாங்கும்?

காப்பாளர்: அது இவங்க சொல்லி அனுப்பின வார்த்தையாம். அம்மா செத்ததும் மாமா தம்பியைக் கூட்டிட்டுப் போய் விடுதியில விட்டுட்டார். எந்த விடுதின்னு கடைசிவரை வாயே திறக்கல. 'எங்க விட்டாலும் மதில் ஓரமா இரு, தேடி வர்றேன்'னு இவங்க சொன்னாங்களாம்.

பேராசிரியர்: விடுதிக்காரங்க ஒரு கடிதத்தைக்கூடத் தபால்ல போடலியே, பாவிங்க. பெட்டியில போட்டுப் பூட்டி... இப்ப என்ன கேக்கறாங்க?

காப்பாளர்: மேல யார் பேர் எழுதியிருந்துச்சுன்னு.

பேராசிரியர்: மேல்பகுதிதான் இல்லையே. குழந்தைங்க பேரோ வீட்டு விலாசமோ வெளிய வரக்கூடாதுன்னு நம்ம விதி. வெட்டி எரிச்சாச்சுன்னு பக்குவமா சொல்லுங்க.

காப்பாளர்: மூலக் கடிதத்துலயே கத்திரி வெச்சோம்னு இப்ப சேர்ற பசங்க கேட்டா அடிக்க வருவாங்க.

பேராசிரியர்: அன்னிக்கு நமக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

காப்பாளர்: அக்கா... வெட்டினேன். எரிக்கல.

பேராசிரியர்: என்ன?

காப்பாளர்: மனசு வரல. எல்லாத் துண்டையும் உறையில போட்டு வெச்சிருக்கேன். இருபத்திரண்டு வருஷமா. உங்ககிட்ட எரிச்சேன்னு பொய் சொன்னேன்.

பேராசிரியர்: நாற்பத்து மூணை... பார்த்தீங்களா?

காப்பாளர்: இப்பதான் எடுத்துப் பார்த்தேன். பேரு, தெரு, கதவு எண், எல்லாம் பென்சில்ல. அவங்களேதான். இன்னும் அதே வீட்டுலதான் இருக்காங்க. தம்பி வந்தா வழி தெரியணுமேன்னு வீடே மாத்தலயாம்.

பேராசிரியர்: அவரு... இருக்காரா?

காப்பாளர்: ஆறு வருஷம் ஆச்சு போய். அப்புறம்தான் அவர் மனைவி இவங்களைத் தேடிப் பிடிச்சாங்க. 'எழுதினேன், பதிலே வரல, அக்கா என்னை வேண்டாம்னுட்டா'ன்னு சாகுறவரைக்கும் சொல்லிட்டிருந்தாராம். நெசமாவே எழுதினானான்னு தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்காங்க.

பேராசிரியர்: ஆறு வருஷம்...

காப்பாளர்: பெட்டி நம்ம கைக்கு வந்தப்ப உயிரோடதான் இருந்திருக்கார் அக்கா. பதினாறு வருஷம்! நான் ஒரு மடையன், விலாசத்தைப் படிக்காமலே வெட்டினேன். படிச்சிருந்தா அன்னிக்கே அனுப்பி வெச்சிருப்பேன். போய் அந்தம்மா கால்ல விழறேன். தப்பு என்னோடதுன்னு சொல்லிடறேன்.

பேராசிரியர்: நில்லுங்க. நீங்க போகக்கூடாது.

காப்பாளர்: யாராவது சொல்லணும்ல அக்கா?

பேராசிரியர்: நான் சொல்றேன். பெட்டியைத் திறந்த அன்னிக்கே அந்த விலாசத்தை நான் படிச்சுட்டேன். அதைக் கொடுத்தா எல்லாக் கடிதத்தையும் கொடுக்கணும், அப்புறம் நம்மகிட்ட காட்ட ஒண்ணும் இருக்காதேன்னு பயந்தேன்... பேரை வெட்டணும்னு விதி எழுதினது அதுக்கு மறுநாள்.