கேமராவக் கொஞ்சம் கெடுத்துத் தாங்க

இல்ல நானா, போன் நல்லாத்தான் இருக்கு. அதுதானே வருத்தமே! நீங்க வித்த போன், நீங்களே கெடுத்துத் தாங்க. முழுசா வேணாம்… கோல் வரணும், பேசணும். கேமரா மட்டும் கொஞ்சம் மங்கலா… ஏன் சிரிக்கிறீங்க? பதுள டவுன்ல இத்தன போன் கட இருக்க, ஷப்ராஸ் நானாவத் தேடி வந்தேன்ல?

எங்க தோட்டத்துல மொத பொம்பளக் கங்காணி இந்த ரெங்கம்மாதான். ஒரு கொற வாங்கினதில்ல. போன் வந்துச்சு, எல்லாம் போச்சு! மொதல்ல எங்க லயத்து வீடுங்க முன்னாடி தண்ணி ஓடுற கானோரம் தொட்டாச்சிணுங்கிப் பூவப் படம் எடுத்தேன். அம்மாடி… அந்த ரோஸ் கலரு! இத்தன வருசமா முள்ளு குத்துதுன்னு திட்டிக்கிட்டே மிதிச்சிருக்கேன் நானா. அப்புறம் பூசணிப் பூ, உள்ளுக்க ஒரு எறும்பு. அப்புறம் கக்கூசுக்குப் பக்கத்துல சேம்ப எல, மேல தண்ணி உருண்டுகிட்டு… நான் போனத் தூக்கிக்கிட்டு அங்கயே நிக்கவும், உள்ள இருந்த எங்க வீட்டுக்காரரு வெளிய வரப் பயந்துட்டாரு. ஆமாங்க!

அதோட நின்னிருக்கலாம். தேயிலப் பூவ எடுத்து பேஸ்புக்குல போட்டேன். வெள்ளையா, நடுவுல மஞ்சளா… ‘எங்கள் மலையின் அழகு’ன்னு எழுதி வேற. எங்க தோட்டத்துத் தொரயே ஹார்ட் போட்டாரு! சந்தோசத்துல எனக்குச் சோறு எறங்கல.

காலைல வேலைக்குப் பேரு கூப்புடுற பெரட்டுல, எல்லாரு முன்னாடியும், ‘ரெங்கம்மா, அந்தப் பூ எந்த மலையில?’ங்கிறாரு. பாராட்டப் போறாருன்னு நெனச்சு, ‘நம்ம மலதான் சேர்!’னு சத்தமா சொன்னேன். ‘ஒழுங்கா கொழுந்து எடுத்தா தேயில எப்படிம்மா பூக்கும்?’… ஐயோ! பூத்தா கங்காணி மலையப் பாக்கலன்னுதானே அர்த்தம்! எம் பொழப்புக் கெட்டதுக்கு நானே படம் புடிச்சு சாட்சி வச்சிருக்கேன்!

நாளைக்கு வந்து பாப்பாராம். பூ இருந்தா கங்காணி வேல போச்சு, திரும்ப முதுகுல கொழுந்துக் கூடதான்.

என்னது, கிள்ளிப் போட்டுடவா? கிள்ளத்தான் போனேன். கிட்டப் போயிப் பாத்தா… ஒரு மொட்டு பாதி விரிஞ்சிருக்கு நானா. கை வரல. பாவம், எங்கிட்ட வேல பாக்குற இராக்கம்மா ஒழுங்காத்தான் கொழுந்தெடுக்க வந்தா. ‘அந்த மூலையில இருக்க செடியத் தொடாதடி, அதுக்குச் சீக்கு’ன்னு மாசக் கணக்கா வெரட்டினதே நான்தானே! பூக்கட்டும்னு… வெளிய சொல்லிடாதீங்க.

சரி, கழட்டுங்க. மனசத் தேத்திக்கிட்டேன், கழட்டுங்க… நானா! ஒங்க கடப் படி வெடிப்புல என்ன அது? ஊதாவா, குட்டியூண்டு… ஊரே மிதிச்சும் பூத்திருக்கு பாருங்க! கொஞ்சம் தள்ளுங்க, நெழல் விழுது. அந்தப் போன இப்படிக் குடுங்க. ஒண்ணே ஒண்ணுதான்… பொறகு கெடுத்துக்கலாம்.