இரண்டு ஹெட்போனிலும் ஒரே பழுது

“ரெண்டுலயும் வலது பக்கம் அவுட்டு” என்ற குரல் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

கடத்தூரிலிருந்து தர்மபுரி போகும் பஸ். என் முன் சீட்டில் ஒரு லாரி டிரைவரும், அவருக்கு வலப்பக்கம் ஜன்னலோரமாக அவர் மனைவியும். பிடித்ததை வைத்துக்கொள்ளச் சொல்லி மகன் அனுப்பிய விலை உயர்ந்த ஹெட்போன்கள் இரண்டும் அவர் மடியில்.

“கறுப்பு மெத்துனு இருக்குது. வெள்ளை காதை அழுத்துது, ஆனா தபேலா தனியா கேக்குது. ரெண்டும் ஒரு பக்கம்தான் பாடுது.”

“அதெப்பிடிங்க ரெண்டுமே கெட்டுப்போவும்?”

அவர் திரும்பவில்லை. அவள் அவர் தோளைத் தட்டி மறுபடி கேட்டாள்.

“அதான் எனக்கும் புரியல.”

அவள் இரண்டையும் மாட்டிப் பார்த்தாள். “எனக்கு ரெண்டு பக்கமும் நல்லாத்தான கேக்குது!”

அவர் வெள்ளையை வாங்கி இடவலம் மாற்றி மாட்டினார். “இந்தா, பாடாத பக்கம் இப்ப பாடுது, பாடுன பக்கம் நின்னுபோச்சு. என்னடி கூத்து இது?”

எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. அவள் மட்டும் அவருடைய வலது காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி ஓட்டும்போது ஜன்னல் பக்கம் இருக்கும் காது.

“வூட்டுல கூப்புடறப்ப, வேணும்னேதான் பேசாம இருக்கறீங்கன்னு நெனச்சேன்” என்றாள் மெதுவாக.

“ஆங்? என்ன சொன்ன?”

அவள் எழுந்து, அவரை ஜன்னலோரம் நகர்த்திவிட்டு, இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

“காத்து வர்ற சீட்ட வுட்டுட்டு எதுக்கு இந்தப் பக்கம் வந்த?” என்றார் அவர்.