பலகையின் பின்பக்கம்

ஜோடி சேர்க்கும் பலகை செய்வது ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு முழம் பிளைவுட், பன்னிரண்டு பித்தளை ஸ்குரூ, இரண்டு டார்ச்லைட் பேட்டரி, ஒரு சின்ன பல்பு, கொஞ்சம் ஒயர் போதும். ஆஸ்பத்திரியில் இன்னும் நாலைந்து குடும்பங்கள் கேட்கிறார்கள், செய்முறையை எழுதித் தாருங்கள் என்று நீங்கள் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். எழுதுகிறேன். என்னுடையதைப் போலவே யாரும் செய்துவிடக் கூடாது என்பதால் மற்றதையும் சேர்த்து எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ஐயாவு ஈப்போ புந்தோங்கில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த எங்களை ஈப்போவுக்குக் கொண்டுவந்தது அந்தத் தொழில்தான். ஈயம் பற்றவைக்க எனக்கும் சொல்லிக்கொடுத்தார். வீரம்மா கை என் கையைவிடச் சுத்தம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

எண்பத்து மூன்றாம் வருஷம் தைப்பிங் ரோட்டில், மழையில், ஒரு லோரி அவர் மோட்டார்சைக்கிளை இடித்துவிட்டது. ஒன்பது நாள் கண் திறக்கவில்லை. திறந்தபோது யாரையும் தெரியவில்லை. படத்தையும் பெயரையும் ஜோடி சேர்க்கும் விளையாட்டை ஆஸ்பத்திரியில் ஞாபகப் பயிற்சி கொடுக்கும் நீங்கள்தான் சொன்னீர்கள். வெறும் அட்டையைவிட லைட் எரிகிற மாதிரி இருந்தால் ரேடியோக்காரருக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றியது.

இடது பக்கம் ஆறு படம், வலது பக்கம் ஆறு சொல். ஒவ்வொன்றின் மேலும் காலண்டர் அட்டையில் ஒரு மூடி, கீழே ஒரு ஸ்குரூ. ஒரு படத்தையும் ஒரு சொல்லையும் திறந்து, பேட்டரியிலும் பல்பிலும் இருந்து வரும் இரண்டு ஒயர் நுனிகளை அந்த இரண்டு ஸ்குரூவிலும் வைக்க வேண்டும். சரியான ஜோடி என்றால் பல்பு எரியும். இல்லையென்றால் மூடிவிட்டு, எது எங்கே இருந்தது என்று ஞாபகம் வைத்துக்கொண்டு மறுபடி தேட வேண்டும். பின்பக்கத்தில் எந்த ஸ்குரூவை எதோடு சேர்த்திருக்கிறோமோ அதுதான் சரி.

படங்கள் ஒட்டும்போது அவர் தம்பி சன்னாசியும் பக்கத்து வீட்டு ராக்காயியும் இருந்தார்கள். என் படம், சன்னாசி படம், கடை, செத்துப்போன மாமனார், எல்லாம் ஒட்டியாயிற்று.

"எம் மூஞ்சியுமா? இதப் பாத்தா அண்ணனுக்கு இருக்கிற ஞாபகமும் ஓடிரும் லா" என்றாள் ராக்காயி.

சன்னாசி சிரிக்கவில்லை. "மங்களம் படம் எங்க அண்ணி?"

"எடமில்ல தம்பி."

"ராக்காயி அக்காவுக்கு எடம் இருக்கு, பெத்த மகளுக்கு இல்லயா?"

அவனே தன் பர்ஸிலிருந்து அவள் படத்தை எடுத்து ஒட்டி, எதிர்ப்பக்கம் 'மகள்' என்று எழுதினான்.

மங்களம் எங்கள் ஒரே மகள். அதற்கு மூன்று வருஷம் முன்பு சீனி என்கிறவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு தைப்பிங்குக்குப் போய்விட்டாள். எங்கள் ஆட்கள் இல்லை. அவள் பேச்சை வீட்டில் எடுக்கக் கூடாது என்றேன். அவரும் எடுக்கவில்லை. விபத்துக்குப் பிறகு போலீஸ் கொடுத்த பையில் ஒரு குழந்தைச் சட்டையும் ஒரு கிலுகிலுப்பையும் இருந்தன. கம்பாருக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மாதாமாதம் அவளைப் பார்த்துவந்திருக்கிறார். அவளால்தான் அவருக்கு இந்தக் கதி. அவளை மறந்துவிட்டால் அவர் மறுபடி அந்த ரோட்டுப் பக்கம் போக மாட்டார், நிம்மதியாக இருப்பார் என்று முடிவு செய்தேன்.

முன்பக்கத்தை நான் தொடவில்லை. மங்களத்தின் ஒயரை 'மகள்' என்ற சொல்லிலிருந்து எடுத்து, 'இறந்தவர்' என்ற சொல்லில் பற்றவைத்தேன். அங்கே ஏற்கெனவே மாமனாரின் ஒயர் இருந்தது. 'மகள்' ஸ்குரூவில் எதுவும் இல்லை. பிறகு பின்பக்கத்தை அட்டையால் மூடி ஆணி அடித்தேன்.

தினமும் காலையில் பசியாறியதும் உட்காருவோம். மற்ற ஜோடிகள் சீக்கிரம் வந்துவிட்டன. மங்களத்தின் படத்துக்கு மட்டும் அவர் கை 'மகள்' பக்கமே போனது. வயசுப்பெண் படம், மகளாகத்தான் இருக்கும் என்று யூகித்திருப்பார்.

"எரியலயே" என்பார்.

"அப்ப அது தப்புங்க. வேற தொறங்க."

ஒயர் நுனியைச் சட்டையில் துடைப்பார். பல்பைத் திருகிப் பார்ப்பார். ஒருநாள் பேட்டரியை மாற்றச் சொன்னார், மாற்றினேன். கடைசியில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"சாமான்ல கோளாறு இல்ல. கோளாறு எனக்குத்தான்."

"ஆமாங்க" என்றேன்.

மூன்று வாரத்துக்குப் பிறகு 'இறந்தவர்' மூடியைத் திறந்து ஒயரை வைத்தார். பல்பு எரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்ப?" என்றார். "நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப" என்றேன். அழுதார். மறுநாள் அழுதது ஞாபகமில்லை, மறுபடி பல்பு எரிந்தது, மறுபடி "எப்ப?" என்றார். பதினோரு நாள் அவளுக்காகப் புதிதாக அழுதார். பன்னிரண்டாம் நாள் அழவில்லை. குணமாகி வருகிறார் என்று நினைத்தேன்.

யாரும் வந்து பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக மங்களத்துக்குச் சொல்லியிருந்தேன். அப்படி எந்த டாக்டரும் சொல்லவில்லை. சன்னாசி வரும் நாளில் பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். ஏழு மாதம் பொறுத்துவிட்டு, அவள் என்னைக் கேட்காமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்பா, நாந்தாம்ப்பா. மங்களம்."

அவர் மரியாதையாக எழுந்து நின்றார். "அந்தப் பேருல எனக்கு ஒரு மக இருந்துச்சும்மா. தவறிப்போச்சு. ஒங்கள மாதிரிதான் இருக்கும்."

அவள் அழுததைப் பார்த்து அவருக்குச் சங்கடமாகப் போயிற்று. என் பக்கம் திரும்பினார். "மனைவி, வந்தவங்களுக்குத் தேத்தண்ணி கலக்கு."

பலகையில் என் படத்துக்கு எழுதியிருந்தபடிதான் அவர் என்னைக் கூப்பிடுவார். எனக்குப் பழகிவிட்டது.

நான் தேத்தண்ணியோடு வந்தபோது மங்களம் பலகைமுன் உட்கார்ந்திருந்தாள். தன் படத்தைத் திறந்தாள், 'மகள்' திறந்தாள், ஒயரை வைத்தாள். எரியவில்லை. ரேடியோக்காரர் மகள் அல்லவா, உடனே பலகையைக் கவிழ்த்துப்போட்டு, அப்பாவின் ஸ்குரூடிரைவரால் ஆணிகளை நெம்பினாள். பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"இது நீங்க வச்ச ஈயந்தானேம்மா. இவ்ளோ சுத்தமா வேற யாருக்கும் வராது."

"நாந்தான்."

அவள் ஒயரைப் பிய்த்து 'மகள்' ஸ்குரூவில் சுற்றினாள். அப்பாவின் கையைப் பிடித்து ஒயர் நுனிகளை வைக்கச் செய்தாள். பல்பு எரிந்தது.

"பாருங்கப்பா. எரியுது பாருங்க."

அவர் பல்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ரிப்பேருக்கு வந்தவர்களிடம் பேசும் குரலில் சொன்னார்: "ஒயர் மாறிப்போச்சும்மா. வச்சிட்டுப் போங்க, நாளைக்கு சரி பண்ணித் தரேன்."

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு, போன தை மாதம் அவரை எடுக்கிற அன்றுதான் வந்தாள்.

கண் திறந்தபோது யாரையும் தெரியவில்லை என்று மேலே எழுதினேன். அது சரியில்லை. பலகையில் உட்கார்ந்த முதல் நாள் ஒயரெல்லாம் சரியாகத்தான் இருந்தது. என் படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்தம்மா நர்ஸா?" என்று என்னிடமே கேட்டார். சன்னாசியைத் தெரியவில்லை. தன் அப்பாவைத் தெரியவில்லை. பிறகு மங்களத்தின் மூடியைத் திறந்தார். வேறு மூடியைத் தொடவில்லை, ஒயரையும் எடுக்கவில்லை.

"மங்களம்" என்றார். "பிள்ளைக்குப் பல்லு மொளைச்சிருச்சா?"

அன்று சாயங்காலம் ஈயம் பற்றவைக்கும் கம்பியைச் சூடாக்கினேன். விபத்துக்கு அவள்தான் காரணம் என்ற எண்ணம் எனக்கு மறுநாள்தான் வந்தது.