எம்மெட்டின் கழுத்துப் பட்டை

எங்கள் ஊரில் ஐஸ் ஹாக்கி ஆடியவர்கள் எல்லோருக்கும் கொஞ்சம் தையல் தெரியும், மேடம். ஒன்டாரியோவின் இந்த வடகோடியில் கையுறை கிழிந்தால் யாரிடம் போவது? நாங்களே தைத்துக்கொள்வோம்.

நான் ஆடிய காலத்தில் தலைக்கவசம்கூடக் கிடையாது. எதிராளியின் முகத்துக்கு நேரே மட்டையைத் தூக்கக் கூசுவோம். பிறகு முகத்துக்குக் கம்பிவலை வந்தது, அந்தக் கூச்சம் போயிற்று. கவசம் ஏற ஏற, ஆடுகிறவனுக்கு எச்சரிக்கை இறங்கும். அணியின் பயிற்சியாளனாக இதை நான் சொல்லாத நாளில்லை.

எம்மெட் லவல்லி எங்கள் தடுப்பாட்டக்காரன். காகித ஆலையில் வேலை. போன அக்டோபரில் கழுத்தில் பட்டையோடு வந்து நின்றான். சறுக்குக் காலணியின் கத்தி பட்டாலும் அறுபடாத நார் உள்ளே வைத்துத் தைத்தது.

"என்னடா, பாப்பாவுக்கு எச்சித்துணி கட்டி அனுப்பிட்டாங்களா?" என்றேன்.

"கோரின் போட்ட கண்டிஷன் கோச். இது இல்லாம ஆடினா வீட்டுக்குள்ள விடமாட்டாளாம்."

"பொண்டாட்டி நாய்ப்பட்டை மாட்டிட்டான்னு சொல்லு."

"மாட்டட்டும் கோச். நாய்க்கு ராத்திரி சாப்பாடு கிடைக்குதுல்ல."

உடைமாற்றும் அறையே அவனோடு சேர்ந்து சிரித்தது. அடுத்த வாரம் இன்னும் சிலர் பட்டையோடு வந்தார்கள். வசந்தத்தில் லீக் கூட்டம் வரவிருந்தது. பட்டையைக் கட்டாயமாக்க வாக்கெடுப்பு. வெறும் பேச்சு எடுபடாது என்று எனக்குத் தெரிந்தது.

எம்மெட்டுக்குத் தெரியாமல் அவன் பட்டையைப் பிரித்தேன். நாரை எடுத்துவிட்டு அதே கனத்துக்குச் சாதாரணக் கம்பளித் துணி வைத்தேன். பழைய ஊசித்துளைகளிலேயே தைத்தேன். சீசன் முழுக்க அவன் அதோடு ஆடுவான், ஒன்றும் ஆகாது. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அதைக் கிழித்து, உள்ளே வெறும் கம்பளிதான் என்று காட்டுவது என் திட்டம். அவனும் சிரித்திருப்பான்.

ஜனவரியில் ஒரு ஆட்டம். எதிரணிக்காரன் ஒருவன் இடறி விழுந்தான், அவன் கால் மேலே எழும்பியது. சீறி வந்த ரப்பர் வட்டைத் தடுக்க எம்மெட் அங்கேதான் பாய்ந்திருந்தான். முதலில் ஓடியவன் நான். அவன் கழுத்தில் துண்டை வைத்து அழுத்திப் பிடித்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அடக்கத்தன்று கோரின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வேணாம்னுதான் சொன்னீங்க கோச். நான்தான் அதை நம்பி அனுப்பினேன்."

"உன் மேல தப்பில்லம்மா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

லீக் கூட்டத்திலும் நான் பொய் சொல்லவில்லை. எழுந்து நின்று, "எம்மெட் பட்டை போட்டுக்கிட்டுத்தான் ஆடினான்" என்று மட்டும் சொன்னேன். வாக்கெடுப்பில் பட்டை விதி தோற்றது.

இப்போது கோரின் பட்டையின் தையலைப் பிரித்துப் பார்த்து, அதைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு உங்களிடம் கொண்டுவந்திருக்கிறாள். ஆமாம், என் தையல்தான். மறுக்கவில்லை. ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். வெறுங்கழுத்தோடு இருக்கிறவன் கத்திக்கு முன்னால் அப்படிப் பாயமாட்டான். எம்மெட் கவசத்தை நம்பித்தான் செத்தான். நான் சொன்னதில் எது தவறு?