பதினெட்டு வோல்ட்

உங்கள் பாஸ்வேர்டை இதுவரை யாருக்காவது சொல்லியிருக்கிறீர்களா?

— கட்டுரை வந்துருச்சாம்ல கௌசிக்? ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. ஓட்டின மெஷின்காரிக்குத்தான் தெரியல.

— சர்ப்ரைஸா சொல்லலாம்னு இருந்தேன் அக்கா. மானே, அதாவது, ஸ்வீட்டோட.

— ஸ்வீட்டு வர்றதுக்கு முன்னாடி லெட்டரு வந்துருச்சுப்பா. எவனோ வெளிநாட்டுக்காரன் உன் கட்டுரையப் படிச்சுட்டு, இந்த நம்பர் நம்புற மாதிரி இல்லையேன்னு எழுதியிருக்கான். நாளைக்குக் காலையில பத்தரைக்குக் கமிட்டி. யாரை வரச் சொல்லியிருக்காங்கன்னு நெனைக்கிற? தமிழரசி, கான்ட்ராக்ட் ஆபரேட்டர், மாஸ் ஸ்பெக் ரூம்.

— உங்களையா? உங்களை எதுக்கு?

— அதக் கேக்கத்தான் உன்ன இந்த டீக்கடைக்கு இழுத்துட்டு வந்தேன். ஆகஸ்ட்ல உன் சாம்பிள அந்த எடை பாக்குற மெஷின்ல நான்தான ஓட்டினேன்? ஒடம்புல செம்பு சேர்ற நோய்க்கு மருந்து. நடுவுல செம்பு, சுத்திப் பிடிச்சுக்கிட்டு உன் சரக்கு. வோல்ட்ட ஏத்தி ஏத்தி, கேஸோட மோதவிட்டு, எங்க பாதி உடையுதுன்னு ரெண்டு பேருந்தான பாத்தோம். எத்தனைல உடைஞ்சுச்சு?

— பதினெட்டு.

— இப்பக் கடையில விக்கிற மருந்து?

— இருபத்திரெண்டு.

— அப்ப உன்னுது பிடி விட்டுப்போற சரக்கு. அன்னைக்கு நீ சோறுகூடத் திங்காம மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்த. இப்பக் கட்டுரையில என்ன போட்டிருக்க?

— முப்பத்தொண்ணு. அது... அப்புறமா திரும்ப ஓட்டினது அக்கா. நன்னா சுத்தம் பண்ணி.

— எப்ப?

— துர்கா பூஜை அஷ்டமி அன்னிக்கு.

— என் பேர்ல.

— நீங்கதானே பாஸ்வேர்ட் குடுத்தீங்க!

— குடுத்தேன்டா. கரியாஹாட் ரூம்ல காய்ச்சல்ல கெடந்தேன். வீட்டுக்கார அம்மா, அக்கம்பக்கம், கல்கத்தாவே பந்தல் பாக்கப் போயாச்சு. உங்கம்மா ரசம் குடுத்தாங்கன்னு லேக் கார்டன்ஸ்லேர்ந்து அந்தக் கூட்டத்துல தூக்கிட்டு வந்த. ரெண்டு மடக்குக் குடிக்கிறதுக்குள்ள, 'அக்கா, ஒரே ஒரு ரன், நாளைக்குக் கடைசி நாள்'னு கட்டில் பக்கத்துல நின்ன.

— அம்மா இப்பவும் உங்களை விசாரிச்சுண்டேதான் இருக்கா.

— அவங்கள இதுல இழுக்காத. நேத்து அந்த ஃபைலத் தொறந்து பாத்தேன். உன் சரக்கு செம்போட சேந்தா எடை என்ன?

— நானூத்தி முப்பத்தேழு.

— ஃபைலுக்கு மேல உன் சரக்கு பேரு. உள்ள நிக்கிற கோடு நானூத்தி ஒம்போது. முப்பத்தேழு இருக்க வேண்டிய எடத்துல தும்பு தூசிகூட இல்ல. நானூத்தி ஒம்போது யாருது?

— சத்தமா பேசாதீங்க.

— யாருதுன்னு கேட்டேன்.

— பழைய சீனியர் ஒருத்தரோடது. ஃப்ரிட்ஜ்ல கிடந்துது.

— அடப்பாவி. பேர மாத்திட்ட, சரி. எடைய எப்பிடிடா மாத்துவ? பன்னெண்டு வருஷமா அந்த மெஷினோட குடித்தனம் பண்றேன். உள்ள என்ன விட்டியோ அதத்தான் அது சொல்லும்.

— தூர், போங்க! உங்களுக்குப் புரியாது அக்கா. அஞ்சு வருஷம். ஸ்காலர்ஷிப் முடிஞ்சாச்சு. ஜெர்மனில இடம் ரெடியா இருக்கு, ஒரு பேப்பர்தான் பாக்கி. கைடு சார் தினமும் 'கீ ஹோலோ, கீ ஹோலோ', என்ன ஆச்சு என்ன ஆச்சுன்னு கழுத்து மேல உக்காந்திருந்தார். நான் என்ன பண்றது?

— என் பேர விட்டுட்டு என்ன வேணா பண்ணியிருக்கலாம். மெஷின் லாக் பதிவுல நான்தான் இருக்கேன். ஓட்டினது நான், பேர மாத்தினது நான். மார்ச்சுல எனக்குக் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும். லிஃப்ட்டுல ரெண்டு பேரு என்னை ஃப்ராடுன்னு பேசிக்கிறாங்க. நான் உள்ள நிக்கும்போதே.

— சத்தியமா உங்க பேர் மாட்டும்னு தோணலை அக்கா.

— எனக்குந்தான் ஒண்ணும் தோணல. மத்த பசங்களுக்குக் குடுப்பனா? அந்த ரூம் சாவியக்கூடக் குடுக்க மாட்டேன். நீ 'அக்கா'ன்னு வந்து நின்ன.

— இப்ப நான் என்ன செய்யணும்?

— தப்புப் பண்ணினேன்னு ஒத்துக்கோன்னு நான் சொல்லல. அது உனக்கும் உன் சாருக்கும் உள்ளது. அஷ்டமி அன்னைக்குப் பாஸ்வேர்ட் உங்கிட்ட இருந்துச்சு, ஓட்டினது நீ. அத மட்டும் சொல்லு.

— சொன்னா என் டிகிரி போயிடும்.

— சொல்லலைன்னா எனக்குச் சோறு போயிரும். வேற எந்த ரூம்ல என்னைச் சேப்பாங்க?

— உங்ககிட்ட... மானே, ப்ரூஃப் மாதிரி ஏதாவது இருக்கா?

— நீ கெளம்பிப் போனப்புறம், டைப் அடிக்கத் தெம்பில்லாம வாய்ஸ்ல அனுப்புனேனே. 'தம்பி, பாஸ்வேர்ட் இது, ஒரே ரன்தான், வேற எதையும் தொடாத, முடிச்சதும் கேஸை மூடிட்டுப் போ'ன்னு. நீ பதிலுக்குக் கட்டைவிரல் படம் போட்ட. எங்கிட்ட அது ஒண்ணுதான் இருக்கு.

— அதை டெலிட் பண்ணலையா?

— எதுக்குப் பண்ணணும்?

— இல்ல, சும்மா கேட்டேன்.

— உன்ன மெரட்ட வரல கௌசிக். மெரட்டணும்னா நேரா அங்கயே போயிருப்பேன். ஒரு வார்த்தை ஒன்னைக் கேட்டுட்டுப் போவோம்னுதான் வந்தேன்.

— தெரியும் அக்கா. அழாதீங்க, ப்ளீஸ். எல்லாரும் பாக்கறா.

— பாக்கட்டும். சொல்லுவியா, மாட்டியா?

— சொல்றேன்.

— என்ன சொல்லுவ?

— பாஸ்வேர்ட் எங்கிட்ட இருந்துது. ஓட்டினது நான். அந்த வாய்ஸையும் கொண்டு வாங்க அக்கா. போட்டுக் காட்டுங்க. நான் பக்கத்துலயே இருப்பேன்.

— நெசமாத்தான?

— அம்மா மேல சத்தியம்.

— சரிப்பா. போ. உன் சார் தேடுவாரு.

மறுநாள் காலை பத்தரை மணிக்குத் தமிழரசி அந்தக் குரலைக் கமிட்டி முன்னால் போட்டுக் காட்டினாள். அங்கே இருந்த ஐந்து பேரில் தமிழ் தெரிந்தவர் எவரும் இல்லை. கௌசிக் அதை இரண்டு தடவை கேட்டான். தான் கல்கத்தாவில் பிறந்து வளர்ந்தவன் என்றும், தனக்குத் தமிழ் புரியாது என்றும், ஏதோ பூஜை வாழ்த்து என்று நினைத்துக் கட்டைவிரல் போட்டுவிட்டதாகவும் வங்காள மொழியில் சொன்னான்.