கீழ் வீட்டுக்குச் சொல்லியாச்சு

மனைவி: கீழ் வீட்டுக்குச் சொல்லிட்டீங்கல்ல?

கணவன்: சொல்லிட்டேன்.

மனைவி: மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாரா?

கணவன்: இல்லையே. ரொம்ப சந்தோஷம்னார்.

மனைவி: யாரு, நம்ம கம்பு மாமாவா? இங்க ஒரு கரண்டி விழுந்தாலே கீழேருந்து கம்பால இடிக்கிற மனுஷன்... ராத்திரி சத்தம் இருக்கும்னு சொன்னா சந்தோஷமா?

கணவன்: சத்தமா? நான் சத்தத்தைப் பத்தி எதுவும் பேசலையே.

மனைவி: பின்ன என்னத்தைச் சொன்னீங்க?

கணவன்: நீ சொல்லச் சொன்னதைத்தான். "இன்னைக்கு எங்க வீட்ல சின்னதா ஒரு பார்ட்டி சார்..."

மனைவி: ம்.

கணவன்: "...அவசியம் வந்துடுங்க."

மனைவி: வந்துடுங்கன்னா?

கணவன்: எதுக்கு அப்படிப் பார்க்கிற?

மனைவி: அவர்கிட்ட சொல்லத்தானே சொன்னேன்? கூப்பிடவா சொன்னேன்?

கணவன்: விருந்துன்னு வந்துட்டா சொல்றதுன்னா கூப்பிடுறதுதானே! நேத்து உங்க அக்கா போன்ல, "எங்களுக்கெல்லாம் சொல்ல மாட்டியா"ன்னு கேட்டாங்களே... சத்தம் வரும்னு சொல்லலையேன்னா வருத்தப்பட்டாங்க?

மனைவி: ஐயோ கடவுளே... லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவருக்கு டை கட்டிவிட்டா புத்தி வந்துடுமா?

கணவன்: டையும் நீ கட்டிவிட்டதுதான். மூச்சு முட்டுது.

மனைவி: ஆறு மாசமா அந்த லேப்ல தனியா உட்கார்ந்து சாப்பிடுறேன். ஊசி போடுறவ, ரத்தம் எடுக்கிறவ, எல்லாரும் ஒரு மேஜை. நான் ஜன்னல் பக்கம். இன்னைக்குத்தான் அஞ்சு பேரும் வரேன்னு தலையாட்டியிருக்காங்க. நடுவுல இவர் உட்கார்ந்து முறைச்சா, ஒருத்தியாவது வாயைத் திறப்பாளா?

கணவன்: சரி, போய் வர வேணாம்னு சொல்லிட்டு வரவா?

மனைவி: அது எப்படிச் சொல்லுவீங்க?

கணவன்: அதான் எனக்கும் தெரியல. பாவம், ரெண்டு நாற்காலி கொண்டு வரேன்னு வேற சொல்லியிருக்கார்.

மனைவி: சரி, அவரை அந்த அலமாரிப் பக்கமா உட்கார வச்சிடலாம். நீங்க கிழங்கை உரிங்க. ...அப்பாடா, அரை மணியில கோழியும் வெந்தாச்சு. இருங்க, போன்ல ஏதோ வந்திருக்கு... அச்சச்சோ.

கணவன்: என்ன?

மனைவி: எக்ஸ்ரே எடுக்கிறவளுக்குத் தலைவலியாம். வரலையாம்.

கணவன்: போகட்டும், நாலு பேர் இருக்காங்கல்ல.

மனைவி: நாலு இல்ல, மூணு. ஊசி போடுறவ வீட்டுக்குத் திடீர்னு விருந்தாளியாம்.

கணவன்: மூணு பேர்னா நாற்காலிக்குக் கஷ்டமே இல்ல பாரு.

மனைவி: ...இன்னொருத்தி. குழந்தைக்குக் காய்ச்சல்.

கணவன்: நல்லா இருக்கட்டும் குழந்தை.

மனைவி: அந்தக் குழந்தைக்கு இருபது வயசு. ...இருங்க. எங்க லேப் சூப்பர்வைசர் மேடம் இப்ப ஒரு போட்டோ போட்டிருக்காங்க. அவங்க வீட்டு மேஜை...

கணவன்: யார் யார் இருக்காங்க?

மனைவி: அஞ்சு பேரும். தலைவலிக்காரிதான் நடுவுல நின்னு கேக் வெட்டுறா.

கணவன்: இங்க கொடு போனை. பார்க்காத. ...ஏய், அழாதம்மா. அடுப்புல இருக்கிற சூப்ல விழுந்துடும். உப்பு ஏற்கெனவே சரியா இருக்கு.

மனைவி: அஞ்சு பேரு... ஒருத்திக்காவது... "இல்லப்பா, அங்க கூப்பிட்டிருக்காங்க"ன்னு நேரா சொல்ல... வாய் வரலையா...

கணவன்: சரி, சரி. அழு. நல்லா அழுதுடு. ...நான் கீழ போய், பார்ட்டி இல்லைன்னு சொல்லிட்டு வந்துடுறேன். இந்த நிலைமையில அவரு வேற எதுக்கு?

மனைவி: வேணாம்.

கணவன்: ஏன்?

மனைவி: வரேன்னு சொல்லிட்டு வராம இருந்தா எப்படி இருக்கும்னு இப்பத்தானே பார்த்தேன். வான்னு சொல்லிட்டு வராதேன்னா அதைவிட மோசம். காலையில சாமி கும்பிடும்போது, இன்னைக்கு இந்த வீட்ல சிரிப்புச் சத்தம் கேட்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன். யாரோட சிரிப்புன்னு நான் சொல்லல. வரட்டும்.

கணவன்: அந்த மனுஷன் சிரிப்பாருன்னு நினைக்கிறியா?

மனைவி: அது சாமி பாடு. ஆனா ஒண்ணு, வேற யாரும் வரலைன்னு அவருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா கூச்சப்பட்டு எழுந்து போயிடுவார். எல்லாரும் வந்துட்டே இருக்காங்கன்னு சொல்லணும். ...மணி அடிக்குது. போங்க, நான் முகத்தைக் கழுவிட்டு வரேன்.

கணவன்: வாங்க, வாங்க கம்பு மா... கம்... கமகமன்னு வாசனை வருது பாருங்க சார்! சூப்!

கீழ் வீட்டுக்காரர்: வருது, வருது.

கணவன்: ரெண்டு நாற்காலி கொண்டு வரேன்னீங்களே சார்?

கீழ் வீட்டுக்காரர்: ஒண்ணு போதும்னு தோணுச்சு தம்பி. எங்க போடட்டும்?

மனைவி: அந்த அலமாரிப் பக்கம் வேணாங்க. இங்க, மேஜைக்கு நடுவுல போடுங்க. வணக்கம் சார். மத்தவங்க எல்லாம்... வந்துட்டே இருக்காங்க.

கணவன்: ரோட்ல ஒரே நெரிசலாம்.

கீழ் வீட்டுக்காரர்: இருக்கும், இருக்கும். மெதுவா வரட்டும். பசிக்கிறவங்க முதல்ல சாப்பிடலாம் இல்லையாம்மா?

மனைவி: தாராளமா. சூப் ஊத்தட்டுமா?

கீழ் வீட்டுக்காரர்: நிறைய ஊத்தும்மா. ...அடடா. உப்பு ரொம்பச் சரியா இருக்கு.

கணவன்: கோழி வைக்கவா சார்?

கீழ் வீட்டுக்காரர்: வைங்க. ...தம்பிக்கு என்ன வேலை?

கணவன்: லிஃப்ட் ரிப்பேர் சார். மேல, கீழ, அவ்வளவுதான் என் உலகம். போன மாசம் ஒருத்தர் நடுவுல மாட்டிக்கிட்டார். வெளிய எடுக்கறதுக்குள்ள உள்ளேயே பாடிப் பாடி, நாங்க கதவைத் திறந்ததும் "இருங்க, பாட்டுல கடைசி அடி இருக்கு"ன்னுட்டார்.

கீழ் வீட்டுக்காரர்: ஹா ஹா ஹா! முடிச்சாரா?

கணவன்: முடிச்சார். எல்லாரும் கை தட்டினோம்.

மனைவி: இதை எங்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க!

கணவன்: நீ எங்க சிரிக்கிற மாதிரி இருந்த இத்தனை நாளா?

கீழ் வீட்டுக்காரர்: ஹா ஹா... கடைசி அடியாம்... ஹா ஹா! அம்மா, நீயும் சிரிக்கிற. சிரி, சிரி.

மனைவி: சார், தட்டு காலியாயிடுச்சே. இன்னும் கொஞ்சம் கோழி, கிழங்கு...

கீழ் வீட்டுக்காரர்: வை... வைம்மா.

கணவன்: பெல்ட்டைத் தளர்த்திக்கோங்க சார். நம்ம வீடுதான்.

கீழ் வீட்டுக்காரர்: தளர்த்தியாச்சு தம்பி. இனிமே ஓட்டை இல்ல.

மனைவி: இது மூணாவது தட்டு... சார், உங்களுக்கு வேர்க்குது. உண்மையைச் சொல்லிடுறேன் சார். உங்ககிட்ட பொய் சொல்ல மனசு வரல. வேற யாரும் வர மாட்டாங்க. அஞ்சு பேரும் வேற இடத்துக்குப் போயிட்டாங்க. நீங்க தனியா உட்கார்ந்திருக்கிற மாதிரி நினைச்சுடக் கூடாதேன்னுதான்...

கணவன்: ஆமா சார். இன்னைக்கு எங்க விருந்தாளி நீங்க ஒருத்தர்தான். மன்னிச்சுக்கோங்க.

கீழ் வீட்டுக்காரர்: நானும் ஒண்ணு சொல்லிடுறேன்மா, கோவிச்சுக்காதீங்க. உங்க அடுப்படியில பேசுறது என் அடுப்படி ஜன்னல்ல அப்படியே கேட்கும். தம்பி என்னைத் தப்பாக் கூப்பிட்டுட்டார்னு கேட்டுச்சு. சரி, போக வேணாம்னு ரொட்டியும் முட்டையும் வயிறு நிறையச் சாப்பிட்டு, தட்டையும் கழுவி வச்சுட்டேன். அப்புறம்தான் நீ அழுற சத்தம் கேட்டுச்சு. ஒருத்தனாவது வந்து நல்லாச் சாப்பிட்டா அந்தப் பொண்ணு மனசு ஆறுமேன்னு கிளம்பி வந்தேன். நீ சிரிச்சுட்ட, அது போதும்... அந்தக் கோழியை மட்டும் எடுத்துடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்.