நாலு மணி வரைக்கும் அணைக்காதீங்க

ஐயோ, மெயின்ல கை வைக்காதீங்க தம்பி! நாலு மணி வரைக்கும் பொறுத்துக்கங்க. அடுப்படி வயர்ல பொறி பறக்குதுன்னு நான்தான் கூப்பிட்டேன், இல்லைங்கல. அதுக்கு வீட்டுக் கரண்டையே நிறுத்துவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?

ஹாலுக்கு வாங்க, காட்டுறேன். அந்தப் பழைய டிவிக்குக் கீழ இருக்கிறது டைப்ரைட்டர் இல்ல, கம்ப்யூட்டர். கல்யாணமான வருஷம் எங்க வீட்டுக்காரர் வாங்கினது. கேசட்டைப் போட்டா பத்து நிமிஷம் கீச்சுகீச்சுன்னு கத்தும், அப்புறம்தான் ஆட்டமே வரும். மேலேருந்து பச்சைப்பச்சையா வேற்றுக்கிரகத்துக்காரங்க இறங்குவாங்க, கீழ நம்ம ராக்கெட்டு சுடணும். அவ்வளவுதான். இதுக்கு ஒரு மனுஷன் முப்பத்தெட்டு வருஷம்!

அந்த நம்பர் தெரியுதா? நாப்பத்தோராயிரத்து எழுநூத்து முப்பது. பக்கத்துல அவர் பேரு. பன்னெண்டு நாளைக்கு முன்னாடி எடுத்தாரு. சந்தோஷத்துல குதிச்சாரு, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. ஸ்ட்ரெச்சர்ல தூக்குறாங்க, அப்ப என்ன சொன்னாருங்கிறீங்க? பிள்ளைங்களைப் பாத்துக்கோன்னா? ஸ்விட்சை அணைச்சிடாதே, ஸ்கோர் அழிஞ்சிடும்னு! ஆமா, அந்தக் காலத்து மிஷின், கரண்டு போனா எல்லாம் மறந்துடும்.

போன்ல படம் எடுத்து வச்சுக்கலாமா? நல்லா சொன்னீங்க. மிஷின்ல இருந்தாத்தான் ஸ்கோருங்கிறது அவர் சட்டம். ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும் அதே கேள்விதான். இருக்கா? இருக்குன்னேன். டாக்டர் வேற அதிர்ச்சியே கூடாதுன்னுட்டாரு. இன்னைக்கு நாலு மணிக்குத்தான் வீட்டுக்கு வர்றாரு. ஒரு தடவை கண்ணால பாத்துட்டார்னா அப்புறம் அணைச்சுக்கலாம்.

சிரிக்காதீங்க. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. மூணாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புற அவசரத்துல, அவர் சட்டையைத் தேய்க்க இஸ்திரிப் பெட்டியைச் சொருகணும். ஒரு பிளக்கைப் பிடுங்கினேன். ஆமா தம்பி, அதேதான்.

அப்புறமென்ன, கேசட்டைப் போட்டு நானே உக்காந்தேன். முதல் நாள் முந்நூறு. ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் வராததுமா தினமும் ஆடினேன். விரலைப் பாருங்க, காய்ச்சே போச்சு. இன்னைக்குக் காலையில அந்த நம்பர் அப்படியே வந்துச்சு. அப்பவும் எனக்கு மூணு உயிர் மிச்சம். ஒரு பச்சைக்காரன் நேரா வர்றான், சுட்டா அவர் ஸ்கோரைத் தாண்டிடுவேன். கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டேன். மூணு உயிரும் போச்சு. அவர் பேரைத் தட்டிட்டு எழுந்து காபி போட்டேன்.

கைக்கு வந்ததை விட்டுக்கொடுக்கக் கஷ்டமா இல்லையாவா? முப்பத்தெட்டு வருஷமா அவர்கூட சீட்டு ஆடுறேனே தம்பி, ஒரு நாளாவது ஜெயிச்சிருப்பேங்கிறீங்களா? அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க.